ஜேயூனிட் சூட்: ஏழு வருடப் பழக்கத்தில் பட்டது

ஒரு பில்லிங் மென்பொருளின் யூனிட் டெஸ்ட்களை (கோடின் சின்னப் பகுதிகளைத் தனித்தனியே சோதிப்பவை) ஏழு வருடமாகக் கட்டி மேய்க்கிறேன். ஆரம்பத்தில், ஜாவாவில் டெஸ்ட் எழுதி ஓட்டும் கருவியான ஜேயூனிட்டின் 4-ஆம் பதிப்பு. சேர்ந்து ஓடும் டெஸ்ட்களின் தொகுப்புக்கு அதில் 'சூட்' என்று பெயர். 'ஆல்டெஸ்ட்ஸ்' என்று ஒரு கிளாஸ், அதன் தலையில் 'சூட்கிளாஸஸ்' அனொட்டேஷன் (கோடின் மேல் எழுதும் குறிப்பு), அதற்குள் ஓட வேண்டிய கிளாஸ்களின் பட்டியல். கோடைக் கட்டி டெஸ்ட்களை ஓட்டும் பில்ட் கருவியான மேவன் அந்த ஒன்றை மட்டும்தான் ஓட்டும். எல்லாம் ஒரே இடத்தில் தெரிகிறதே என்று எனக்குப் பெருமை வேறு.

பில் தொகையில் சில பைசா இடித்தபோதுதான் மாட்டிக்கொண்டோம். ரவுண்டிங்குக்கு டெஸ்ட் எழுதியிருந்தோமே என்று தேடினால், இருக்கிறது. தனியாக ஓட்டினால் சிவப்பு, அதாவது தோல்வி. பட்டியலில் பெயர் சேர்க்க மறந்ததால் எட்டு மாதமாக அது ஓடவே இல்லை. பில்ட் மட்டும் தினமும் பச்சை. மறந்தவர் யார் என்று கமிட் வரலாற்றை (கோடில் யார் எதை மாற்றினார்கள் என்ற பதிவை) பார்த்தேன். நான்தான்.

அப்புறம் ஜேயூனிட் 5-க்கு மாறினோம். பழைய டெஸ்ட்களை அதனுடன் வரும் வின்டேஜ் எஞ்சின் ஓட்டிக்கொடுத்ததால் அவசரப்படாமல் மாற்ற முடிந்தது. பட்டியலைத் தூக்கிவிட்டு டெஸ்ட்களுக்கு டேக், அதாவது அடையாளப் பெயர், போட்டோம். முதல் நாளே பதினான்கு டெஸ்ட் விழுந்தது: முன்னால் ஓடும் கிளாஸ் ஒரு ஸ்டாட்டிக் மாறியில் (எல்லா டெஸ்ட்டும் பகிரும் இடம்) வைத்துவிட்டுப் போன வரி விகிதத்தைப் பின்னால் வருவது எடுத்துப் பயன்படுத்தியிருக்கிறது. பட்டியலின் வரிசை அதை இத்தனை நாள் மூடி வைத்திருந்தது.

டேக்கிலும் முதலில் தப்பு செய்தோம். 'வேகம்' டேக் உள்ளவை ஒவ்வொரு கமிட்டுக்கும், 'மெதுவு' டேக் உள்ளவை இரவில் என்று பிரித்தோம். டேக் போட மறந்தது இரண்டிலும் ஓடாது, பழைய ஓட்டைதான். இப்போது கமிட்டுக்கு 'மெதுவு தவிர மற்ற எல்லாம்', இரவில் மொத்தமும். யாராவது மறந்தால் பில்ட் கொஞ்சம் இழுக்கும், அவ்வளவுதான்.

டேக் பெயரை எழுத்துப் பிழையோடு அடித்தால் ஜேயூனிட் ஒரு வார்த்தை சொல்லாது. இது எனக்குப் பெரிய குறை. அதனால் டேக்கை உள்ளே வைத்து சொந்தமாக ஓர் அனொட்டேஷன் செய்துகொண்டோம். தப்பாக அடித்தால் கம்பைலரே பிடித்துவிடும். ஜேயூனிட் 5-இலும் 'சூட்' அனொட்டேஷன் உண்டு. ரிலீஸ் அன்று ஓட்டும் சின்னத் தொகுப்புக்கு மட்டும் வைத்திருக்கிறோம், அதுவும் கிளாஸ் பட்டியல் இல்லாமல், கிளாஸ்கள் இருக்கும் பேக்கேஜின் பெயரைக் கொடுத்து.

கமிட்டுக்கு 22 நிமிடம் ஆனது இப்போது 4 நிமிடத்துக்குள் முடிகிறது. ஆனாலும் பில்ட் பச்சையானதும் லாகில் எத்தனை டெஸ்ட் ஓடியது என்று பார்க்காமல் மெர்ஜ் செய்ய எனக்குக் கை வருவதில்லை. வின்டேஜில் இன்னும் நாற்பது சொச்சம் கிளாஸ் கிடக்கிறது. ஜேயூனிட் 6-இல் வின்டேஜைக் கைவிடும் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். அவற்றையும் இந்த வருடம் மாற்றியாக வேண்டும்.