மானியம் வாங்கித் தர்றேன்னு சந்தனக் கன்று விற்க வருவாங்க, உஷார்! 38,400 ரூபாய் போச்சு

2 ஏக்கருக்கு 320 சந்தனக் கன்று, ஒண்ணு 120 ரூபாய். ஆக 38,400. விற்றது ஒரு தனியார் நாற்றுப்பண்ணையோட ஏஜென்ட்.

நம்பினது எங்கேன்னா, ஆள் வரப்பில் நின்னபடியே அரசோட உழவன் செயலியைத் திறந்து, சிட்டாவைப் பார்த்து சர்வே நம்பரைத் தட்டினான். "பதிவு ஆயிடுச்சுண்ணே, கன்றுக் காசு மூணு மாசத்துல உங்க கணக்குல ஏறிடும்." செயலி அசல், அதனால ஆளும் அசல்னு நினைச்சாச்சு. தட்டினது அவன் போன். என் போனுக்கு ஒரு மெசேஜ்கூட வரலை.

அரசோட பசுமைப் போர்வைத் திட்டத்துல கன்றே இலவசம், வனத்துறை நாற்றங்கால்ல தர்றாங்க. வரப்புல நட்டா ஏக்கருக்கு 50, வயல் முழுக்க நட்டா 160. காசுன்னு வர்றது, உயிரோட நிக்கிற கன்றுக்கு வருஷம் 7 ரூபாய், ரெண்டாம் வருஷத்துல இருந்து மூணு வருஷம். 320-உம் பிழைச்சாலும் 6,720 தான். அதுக்கு நான் அழுதது 38,400!

கன்றாவது உருப்படியா? பையைக் கிழிச்சா அடியில வேர் சுருள் சுருளா இருக்கு. பையிலேயே கிழடு தட்டின கன்று. சந்தனம் பக்கத்துச் செடியோட வேரை உறிஞ்சிப் பிழைக்கிற மரம். பையிலேயே பொன்னாங்கண்ணியோ துவரையோ கூட இருக்கணும், வயல்ல அகத்தி, சவுக்குன்னு துணை வேணும். ஒரு பையிலும் துணைச்செடி இல்லை. இலை வெளிறி, நுனி கருகி, நாலாம் மாசம் நின்னது 41.

கேட்டா முதல்ல "ஃபைல் மேலே போயிருக்கு". அப்புறம் "ஆபீசர் மாறிட்டார்". கடைசியா "உங்க தண்ணி உப்புண்ணே". இப்போ நம்பரையே பிளாக் பண்ணிட்டான். வேளாண் ஆபீஸ்ல பார்த்தா பட்டியல்ல என் பேரே இல்லை. ரசீதுலயும் "நாற்று வகை 38,400"னு மட்டும்தான். சந்தனம்னு ஒரு எழுத்து இல்லை.

விவரமா எழுதணும்னுதான் உட்கார்ந்தேன், ஆத்திரத்துல வரலை. உங்க போன்ல நீங்களே பதிவு பண்ணுங்க, இல்லைன்னா சிட்டா, ஆதார், பாஸ்புக்கோட நேரா வேளாண் ஆபீஸ் போங்க. பத்துப் பையைக் கிழிச்சு வேரைப் பார்க்காம காசு கொடுக்காதீங்க. ரசீதுல மரத்தோட பேர் இருக்கணும். சந்தனம் நட்டா விஏஓகிட்ட சொல்லி அடங்கல்ல (எந்த நிலத்துல என்ன பயிர்னு எழுதுற கிராமக் கணக்கு) ஏத்துங்க, நாளைக்கு வெட்ட வனத்துறை அனுமதி கேட்கும்போது அதுதான் ஆதாரம். அந்த ஆள் இதையும் சொல்லலை.