எவரெஸ்ட் பேஸ் கேம்ப் பேக்கேஜ்: பணம் கட்டும் முன் ஓய்வு நாட்களை எண்ணுங்கள்

அடுத்த சீசனில் எவரெஸ்ட் பேஸ் கேம்ப் போக பேக்கேஜ் தேடிக்கொண்டிருப்பவர்கள் அட்வான்ஸ் அனுப்பும் முன் இதைப் படித்துவிடுங்கள். அக்டோபர் சீசனில் நானும் நண்பர்களும் ஓர் இடைத்தரகர் மூலம் போய்ப் பட்ட பாடு இது. ஆள் நம்ம ஊர்க்காரர். இங்கே ஆள் சேர்த்து காட்மாண்டு ஏஜென்சி ஒன்றிடம் ஒப்படைப்பதுதான் அவர் தொழில். பெயரைப் போடவில்லை. இதே வேலையைச் செய்பவர்கள் நிறையப் பேர் இருப்பதால், அவர் ஒருவரை மட்டும் தவிர்த்தால் தப்பித்துவிட முடியாது.

மற்றவர்களைவிட அவர் விலை குறைவு. கூடவே, "லீவு அதிகம் போட வேண்டாம், சீக்கிரம் முடித்துவிடலாம்" என்றார். ஐடி வேலையில் இருப்பவர்களுக்கு இதைவிட இனிப்பான பேச்சு வேறு உண்டா? ஆனால் அந்தச் 'சீக்கிரம்' எங்கிருந்து வருகிறது என்பதுதான் விஷயம்.

விமானத்தில் போய் இறங்கி நடையைத் தொடங்கும் லுக்லா 2,860 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து பாக்டிங், பிறகு 3,440 மீட்டரில் நாம்சே பஜார், தெங்போச்சே, 4,410 மீட்டரில் டிங்போச்சே, லோபுச்சே, கோரக்ஷெப் என்று போகும் பாதை. ஒழுங்கான திட்டத்தில் நாம்சேயில் ஒரு நாளும் டிங்போச்சேயில் ஒரு நாளும் கூடுதலாகத் தங்க வைப்பார்கள். உடம்பு உயரத்துக்குப் பழக வேண்டும் அல்லவா? 3,000 மீட்டரைத் தாண்டிவிட்டால் ஒவ்வொரு இரவும் தூங்கும் இடம் முந்தைய இரவைவிட 500 மீட்டருக்கு மேல் உயரக் கூடாது, மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஓய்வு வேண்டும் என்பது மலை மருத்துவத்தின் பொதுவான அறிவுரை. எங்கள் திட்டத்தில் அந்த இரண்டு நாளும் இல்லை. தங்கும் செலவு, சாப்பாடு, கைடு கூலி எல்லாம் அவருக்கு மிச்சம். கிளம்பும் முன்பே கேட்டோம். "டயமாக்ஸ் போட்டால் ஓய்வு நாள் தேவையில்லை" என்று அடித்துச் சொன்னார். அது சுத்தப் பொய். உடம்பு உயரத்துக்குப் பழக அந்த மாத்திரை உதவும், ஓய்வுக்கு மாற்று ஆகாது. அதையும் டாக்டரிடம் கேட்டுத்தான் போட வேண்டும்.

காட்மாண்டு வந்து சேர்ந்ததும் அடுத்த அதிர்ச்சி. சீசன் நெரிசலில் லுக்லா விமானங்கள் பெரும்பாலும் காட்மாண்டிலிருந்து கிளம்புவதில்லை, ராமேச்சாப் மாவட்டத்தில் இருக்கும் மந்தலியிலிருந்துதான் கிளம்புகின்றன. ஜீப்பில் நான்கைந்து மணி நேரம், அதுவும் நள்ளிரவுக்கு மேல் புறப்பட வேண்டும். இது வருடா வருடம் நடப்பது, அவருக்குத் தெரியாமல் இருக்க வழியே இல்லை. ஆனால் எங்களிடம் 'திடீர் மாற்றம்' என்று சொல்லி ஜீப்புக்குத் தனியாகப் பணம் வாங்கினார்கள்.

சாகர்மாதா தேசியப் பூங்கா நுழைவுக் கட்டணத்திலும் ஒரு சின்னக் கைவரிசை. சார்க் நாட்டவருக்கு (இந்தியா உட்பட தெற்காசிய நாடுகள்) நேபாள ரூபாயில் 1,500, மற்ற வெளிநாட்டவருக்கு 3,000. எங்கள் பில்லில் 3,000 போட்டிருந்தார்கள். பூங்காவின் மோன்ஜோ வாசலில் ரசீதைப் பார்த்தபோதுதான் வெளிச்சமானது.

ஸ்லீப்பிங் பேக் வாடகையும் பேக்கேஜில் சேர்த்தி. 'மைனஸ் 20 தாங்கும்' என்று கொடுத்தார்கள். அதன் லேபிளில் மூன்று எண்கள் இருக்கும்: கம்ஃபர்ட், லிமிட், எக்ஸ்ட்ரீம். எக்ஸ்ட்ரீம் என்பது உயிர் தப்பினால் போதும் என்ற நிலைக்கான எண், நிம்மதியாகத் தூங்குவதற்கான எண் அல்ல. அவர்கள் சொன்ன மைனஸ் 20 அதுதான். நீங்கள் பார்க்க வேண்டியது கம்ஃபர்ட் எண்ணை மட்டும். எங்கள் பையிலோ உள்ளே இருந்த இறகு எல்லாம் ஒரு மூலையில் கட்டியாகத் திரண்டு கிடந்தது. லாட்ஜில் கெஞ்சி வாங்கிய கம்பளிதான் காப்பாற்றியது. போர்ட்டர் விஷயம் இன்னும் மோசம். இரண்டு பேருக்கு ஒரு போர்ட்டர் என்று பேச்சு, வந்ததோ மூன்று பேர் பையைச் சுமக்க ஒரு சின்னப் பையன். பார்க்கவே மனசு கேட்காமல் பாதிச் சாமானை நாங்களே தூக்கிக்கொண்டோம்.

டிங்போச்சேயில் நண்பருக்குத் தலைவலி, வாந்தி. கைடு நாடியைப் பிடித்துப் பார்க்கவில்லை, முதலில் கேட்டது இன்ஷூரன்ஸ் பாலிசியின் காப்பியை! "ஹெலிகாப்டர் கூப்பிடுகிறேன், கம்பெனி பணம் கொடுத்துவிடும், உங்களுக்கு ஒரு பைசா செலவில்லை" என்றார். பேக்கேஜில் இருப்பதாகச் சொன்ன இன்ஷூரன்ஸ், கைடுக்கும் போர்ட்டருக்கும் ஏஜென்சி எடுத்தது, எங்களுக்கு அல்ல என்பதும் அப்போதுதான் வெளியே வந்தது. நல்லவேளையாக நண்பர் 6,000 மீட்டர் வரை செல்லும் பாலிசியைத் தனியாக எடுத்திருந்தார். கம்பெனியின் அவசர எண்ணை அழைத்தோம். முன் அனுமதி இல்லாமல் ஹெலிகாப்டரில் ஏறினால் பணம் வராது, முதலில் டாக்டரிடம் காட்டுங்கள் என்றார்கள்.

பக்கத்தில் பெரிச்சேயில் சீசன் நேரத்தில் ஹிமாலயன் ரெஸ்க்யூ அசோசியேஷனின் மருத்துவ நிலையம் இயங்குகிறது. மெதுவாக நடத்திக் கூட்டிப் போனோம். டாக்டர் சோதித்துவிட்டு, லேசான மலை நோய்தான், இனி மேலே ஏறக் கூடாது, கீழே இறங்குங்கள் என்றார். பாங்போச்சேக்கு இறங்கினோம். மறுநாள் காலை ஆள் தால் பாத்தை (பருப்பும் சோறும்) இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

ஒன்று தெளிவாகச் சொல்கிறேன். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினால், நேராக நடக்க முடியாமல் தள்ளாடினால், பேச்சு குழறினால் அது உயிர்ப் பிரச்சினை. அப்போது கணக்குப் பார்க்காமல் உடனே கீழே இறக்குங்கள், ஹெலிகாப்டர் வேண்டுமென்றால் ஹெலிகாப்டர். நான் எச்சரிப்பது, தேவையே இல்லாமல் கமிஷனுக்காகக் கூப்பிடும் ஹெலிகாப்டரைப் பற்றி. 2018-ல் நேபாள அரசே இதை விசாரித்து, ட்ரெக்கிங் ஏஜென்சி, ஹெலிகாப்டர் கம்பெனி, மருத்துவமனை என்று பலர் இன்ஷூரன்ஸ் பணத்துக்காகக் கூட்டுச் சேர்ந்திருப்பதைக் கண்டுபிடித்தது.

பேஸ் கேம்ப் பார்க்காமலேயே திரும்பினோம். காட்மாண்டு ஆபீசில் சண்டை போட்டபோது அவர்கள் தங்கள் கணக்கை எடுத்துக் காட்டினார்கள். நாங்கள் கட்டியதில் பாதிக்குக் கொஞ்சம் மேல்தான் அவர்களுக்கு வந்திருந்தது. ஓய்வு நாளை வெட்டச் சொன்னதும் நம்ம ஊர்க்காரர்தானாம். அவரோ, "நீங்களாகத்தானே திரும்பினீர்கள், ரீஃபண்ட் கிடையாது" என்று சொல்லிவிட்டு வாட்ஸாப்பில் பிளாக் செய்துவிட்டார். பணம் போனது அவருடைய சொந்த யுபிஐ எண்ணுக்கு. கம்பெனி பெயரில் ஒரு பில்கூட இல்லை.

அதனால் பணம் அனுப்பும் முன் இவற்றை எழுத்தில் கேளுங்கள்: ஒவ்வொரு இரவும் எந்த ஊரில், எத்தனை மீட்டரில் தூக்கம்? விமானம் எங்கிருந்து, ஜீப் செலவு யாருடையது? போர்ட்டருக்கு எத்தனை கிலோ? காட்மாண்டில் எங்களை ஏற்கும் ஏஜென்சியின் பெயர் என்ன, நேபாள ட்ரெக்கிங் ஏஜென்சிகள் சங்கத்தில் உறுப்பினரா? யாராவது பாதியில் இறங்க நேர்ந்தால் உடன் இறங்க இன்னொரு கைடு உண்டா? இதற்கெல்லாம் பதில் வராமல் "இன்னும் இரண்டு சீட்தான் பாக்கி" என்று மெசேஜ் வந்தால் வேறு ஆளைப் பாருங்கள்.