கரி அடுப்பு நல்லம், அந்த அடித்தகடுதான் சனியன்

திருகோணமலை நிலாவெளியில இருக்கிற கூட்டாளி ஒருத்தன் கேட்டவன், உந்த மூடி போட்ட, உருண்டைச் சட்டி மாதிரிக் கரி பாபிக்கியூ அடுப்பு இப்ப விலை இறங்கியிருக்காம், எடுக்கலாமோ எண்டு. நானும் அதே அடுப்பத்தான் கன காலமா வச்சிருக்கிறன், கச்சான் காத்து, வாடைக் காத்து எல்லாம் பாத்திட்டுது. கேட்ட நேரம் பிழை, நேற்றுத்தான் வெல்டிங் கடையில இருந்து அதத் தூக்கிக்கொண்டு வந்தனான், கோவம் இன்னும் ஆறேல்ல.

நல்லதச் சொல்லிப்போட்டு பிறகு ஏசுறன். மூடியப் போட்டு சிரட்டைக்கரியில வாட்டின பாரை இருக்கே, மஞ்சள், மிளகாய்த்தூள், உப்பு, தேசிக்காய்ப்புளி, வேற ஒண்டும் தேவையில்ல, தோல் மட்டும் கருகி உள்ள தண்ணித்தன்மை போகாமக் கிடக்கும். திறந்த அடுப்பில இது வராது, மீன் காஞ்சு போகும். கோழிக் கொழுப்பு சொட்டி நெருப்பு எழும்பினாலும் தண்ணி தெளிக்கிற வேலையே இல்ல, மூடியப் போட்டா அடங்கும். (தண்ணி தெளிச்சா கொழுப்பு வெடிச்சு முகத்துக்கு வரும், சாம்பல் சாப்பாட்டில.)

இனி அந்த அடித்தகடு. சட்டிக்கு அடியில காத்து போறதுக்கு மூண்டு ஓட்டை, அத மூடித் திறக்க ஒரு மெல்லிய தகடு, கைபிடி சின்னனா நீட்டிக்கொண்டு நிக்கும். எங்கட ஊர் உப்புக்காத்துக்கு அது இறுகிப் போகுது. சாம்பல் ஈரத்த இழுத்து அந்த இடுக்குக்குள்ள களி மாதிரி அப்பிக்கொள்ளும், அதுக்கு மேல துரு. தேங்காய் எண்ணெய் பூசிப் பாத்தன், சுத்தியலால தட்டிப் பாத்தன், கடைசியா கைபிடி கையோட வந்திட்டு. விற்ற கடையில கேட்டா அதுக்கு ஸ்பெயார் இல்லையாம், முழுச் சட்டியும் வாங்கட்டாம். விசர்க் கதை.

சின்னத் தகடுதானே எண்டு நினைக்காதீங்க, இந்த அடுப்பில பாதுகாப்பு எண்டு ஒண்டு இருக்கெண்டா அது அதுதான். மேல மூடியில இருக்கிற ஓட்டையையும் கீழ் ஓட்டையையும் சாத்தினா காத்தில்லாம நெருப்புச் சாகும். கீழ் ஓட்டை திறந்தே கிடந்தா, பின்னேரம் கச்சான் பிடிச்சு அடிக்கேக்க கரி கொல்லன் பட்டறை மாதிரிச் சிவக்கும், மூடியத் திறந்த உடன பொறி பறக்கும், பக்கத்து வளவுக்குத் தென்னோலைக் கிடுகு வேலி. அதால நான் இப்ப கிணத்தடிப் பக்கம் வெறும் நிலத்தில, சுவர் வேலி ரெண்டுக்கும் 3 மீற்றர் தள்ளித்தான் வைக்கிறனான், பக்கத்தில ஒரு வாளி காஞ்ச மண். வாடை மழைக்கு உள்ள இழுத்து விறாந்தையில வைப்பம் எண்டு வீட்டில கேட்டவை, ஓம் எண்டு சொல்லேல்ல. காபனோரொட்சைட்டு எண்ட நச்சு வாயுவுக்கு நிறமும் இல்ல மணமும் இல்ல, அணையிற கரியில இருந்தும் வரும், கதவு யன்னல் திறந்து கிடக்கெண்டு நம்பேலாது.

பத்த வைக்கிறதுக்கு கடைச் சாமான் ஒண்டும் வேண்டாம். பெரிய பால்மா டின் ரெண்டு பக்கமும் வெட்டி, கீழ சுத்தி ஓட்டை போட்டு, அடியில கடதாசியும் தேங்காய்ப் பொச்சும், மேல கரி. 15, 20 நிமிசத்தில மேல்கரியில சாம்பல் பூக்கும், குறடால டின்னப் பிடிச்சுத் தூக்கினாச் சரி. எங்கட மச்சானுக்கு அந்தப் பொறுமை இல்ல, மண்ணெண்ணெய் போத்திலோட வந்திடுவார். அணைஞ்ச மாதிரிக் கிடக்கிற கரியில ஊத்தினா சூட்டுக்கு எண்ணெய் வெள்ளை ஆவியா எழும்பும், அது பத்தினா ஊத்துற தாரை வழியா போத்திலுக்கே நெருப்பு ஏறும். ஒருக்கா அவரிட கைமயிர் பொசுங்கினது, மீனும் மண்ணெண்ணெய் மணத்தோட கிடந்தது, நாயும் தொடேல்ல. பெற்றோல் எண்டா சொல்லவே தேவையில்ல.

உப்புவெளிக் கடற்கரையில சுட்டுத் தின்னுற பெடியளுக்கும் ஒண்டு, தணலுக்கு மேல மண்ணத் தள்ளிப்போட்டுப் போகாதீங்க. மண் எரியிற சுவாலைய அடக்கும், ஆனா தணல அணைக்காது, மூடி மறைக்கும், சூடு உள்ள கிடக்கும், பிறகு வெறுங்காலோட ஓடுற பிள்ளைதான் மிதிக்கும். தண்ணி ஊத்திக் கிளறி, குளிர்ந்த பிறகு அள்ளிக்கொண்டு போங்க. வீட்டிலயும் சாம்பல ரெண்டு நாளைக்கு மூடி போட்ட இரும்பு வாளியிலதான் வைக்கிறனான், குப்பைக்குள்ள கொட்டினா காத்துக்குத் திரும்பப் பத்தும்.

வெல்டிங் கடை அண்ணன் கல்வனைஸ் தகடு போடவா எண்டு கேட்டார், வேண்டாம் அண்ணே, சூடேறினா அதில பூசின துத்தநாகத்தால நச்சுப் புகை வரும் எண்டன். ஸ்டெயின்லஸ் ஸ்டீல் துண்டொண்டு வெட்டி, கைபிடி நீட்டா வச்சுத் தந்தார். இப்ப ஒரு விரலால அரக்கலாம். இதக் கம்பனிக்காரன் செய்திருக்கேலாதோ?

அப்ப எடுக்கலாமோ எண்டா, வேண்டாம் மச்சான், எடுக்காத. மீன் ருசி எல்லாம் நான் சொன்னது உண்மைதான், அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல. அந்த அடித்தகட்டுக்கு ஸ்பெயார் தருவம் எண்டு பில்லில எழுதித் தந்தா மட்டும் யோசி. இல்லாட்டி அந்தக் காசுக்கு பீப்பா வெட்டி ஒரு அடுப்பு அடிச்சுத் தருவாங்கள், பெற்றோல் கிடந்த பீப்பா மட்டும் வேண்டாம் எண்டு சொல்லு. அதுவும் துருப்பிடிக்கும்தான், ஆனா பீப்பா துருப்பிடிச்சா ஆரும் கோவிக்கிறதில்ல.