மட்டக்களப்பில் அம்மாவுக்கு ஒரு பொலிஸ் அறிக்கை

பெற்றோரைக் கனடாவுக்கு அழைக்கும் கோப்பில் பிறப்புச் சான்றும் திருமணப் பதிவும் எப்படியோ கிடைத்துவிடுகின்றன. பலர் தடுமாறி நிற்பது பொலிஸ் அறிக்கையில்தான். விண்ணப்பிப்பவர் கடந்த 10 ஆண்டுகளில், 18 வயதுக்குப் பிறகு, தொடர்ச்சியாக 6 மாதமோ அதற்கு மேலோ வாழ்ந்த ஒவ்வொரு நாட்டிலிருந்தும் குற்றப் பதிவு பற்றிய சான்று கொடுக்க வேண்டும். இப்போது வாழும் நாட்டின் சான்று, கோப்பைச் சமர்ப்பிக்கும் நாளுக்கு முந்திய 6 மாதத்துக்குள் வழங்கப்பட்டதாக இருக்க வேண்டும். அதனால் முன்கூட்டியே எடுத்து அலமாரியில் வைக்கவும் முடியாது, கடைசிக் கிழமையில் ஓடவும் முடியாது. இந்த முறை ஊருக்குப் போனபோது, அம்மாவுக்கான சான்றை நானே பக்கத்தில் நின்று எடுத்துக் கொடுப்பதென்று முடிவுசெய்திருந்தேன்.

ஒரு காலத்தில் இதற்காக மட்டக்களப்பிலிருந்து இரவு ரயிலேறிக் கொழும்புக் கோட்டையிலுள்ள பொலிஸ் தலைமையகத்துக்குப் போனார்கள். இப்போது இலங்கைப் பொலிஸின் இணையத்தளத்திலேயே விண்ணப்பிக்கலாம். கடவுச்சீட்டையும் அடையாள அட்டையையும் படமெடுத்து ஏற்றி, கட்டணத்தையும் இணையவழியே கட்டலாம். வெளிநாட்டிலிருந்தும் இதைச் செய்ய முடியும். விண்ணப்பம் போனபின் நாம் குறித்த முகவரிக்குரிய பொலிஸ் நிலையத்திடம் தலைமையகம் அறிக்கை கேட்கும். அங்குள்ள உத்தியோகத்தர் ஆளைப் பற்றி விசாரித்து எழுதி அனுப்புவார். குற்றப் பதிவேடுகளும் தனியாகப் பார்க்கப்படும். எல்லாம் ஒன்றுசேர்ந்த பிறகுதான் சான்று வெளியே வரும். ஆகவே கணினியில் செய்வது பாதி வேலைதான். மீதிப் பாதி ஊரில், மனிதர்களிடையே நடக்கிறது. நாம் பக்கத்தில் இருந்தால் அந்தப் பாதி எவ்வளவு இலகுவாகிறது என்பதை இந்த முறை பார்த்தேன்.

விண்ணப்பத்தை நிரப்பத் திருமலை வீதியில் ஒரு கொமினிகேஷன் கடைக்குப் போனோம். வீட்டிலேயே செய்திருக்கலாம். ஆனால் ஸ்கேன் எடுக்க வேண்டியிருந்தது, மின்சாரமும் வந்து வந்து போனது. கடையிலிருந்த தம்பி தினமும் இதே வேலையைச் செய்கிறவர். அம்மாவின் அடையாள அட்டையையும் கடவுச்சீட்டையும் வாங்கியவுடனே முகத்தைச் சுருக்கினார். "அக்கா, பாஸ்போட்டில் ஒரு எழுத்துக் கூட இருக்கிறது, பார்த்தீர்களா?" என்றார். ஆங்கிலத்தில் அப்பாவின் பெயர் ஒன்றில் ஒரு விதமாகவும் மற்றதில் இன்னொரு விதமாகவும் இருந்தது. அடையாள அட்டை இலக்கமும் கடவுச்சீட்டில் பழைய 9 இலக்கமும் ஓர் எழுத்துமாக இருந்தது, புதிய அட்டையிலோ 12 இலக்கம். இலக்கத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம், பழையதும் புதியதும் ஒரே ஆளுக்குரியவை என்று கண்டுபிடிப்பது அவர்களுக்கு இலகு என்றார். பெயரைக் கடவுச்சீட்டில் உள்ளபடியே, ஓர் எழுத்தும் மாற்றாமல் போட வேண்டும், கனடாக் கோப்பிலும் அதே எழுத்துகள்தான் இருக்க வேண்டும் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். வேலை தெரிந்தவரின் அக்கறை அது. அவர் கேட்ட கூலியைவிடக் கூடுதலாகக் கொடுக்கத்தான் மனம் வந்தது.

தொலைபேசி இலக்கத்துக்கு நான் என் கனடா இலக்கத்தைச் சொல்ல வாயெடுக்கும்போதே அம்மாவின் இலக்கத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டார். பொலிஸ் நிலையத்தில் இருப்பவர் வெளிநாட்டு இலக்கத்துக்கு அழைக்க மாட்டார். அழைப்பை எடுக்க ஆளில்லாவிட்டால் கடிதம் மேசையிலேயே கிடந்துவிடும். வெளிநாட்டிலிருந்து விண்ணப்பிக்கிறவர்கள் ஊரில் எப்போதும் தொலைபேசியை எடுக்கக்கூடிய உறவினர் ஒருவரின் இலக்கத்தைக் கொடுப்பது நல்லது என்று அவர் சொன்னதை இங்கே பதிந்து வைக்கிறேன்.

அடுத்தது முகவரி. எந்த முகவரியில் எப்போதிலிருந்து எப்போதுவரை இருந்தார், அது எந்தப் பொலிஸ் பிரிவு? அம்மாவுக்கு இந்தப் பத்து ஆண்டுகளில் இரண்டே முகவரிகள். ஒன்று திராய்மடு வீடு, மற்றது வாவிக்கு மேற்கே படுவான்கரையில் அக்காவின் வீடு. வாவிக்கு இக்கரையும் அக்கரையும் வேறு வேறு பொலிஸ் பிரிவுகள். அதனால் இரண்டு இடங்களிலிருந்தும் அறிக்கை வர வேண்டும். ஒன்று முந்தி வந்தாலும் மற்றது வரும்வரை சான்று வராது. இரண்டு முகவரி உள்ளவர்கள் இந்தக் கால அளவைக் கணக்கில் எடுக்க வேண்டும்.

விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது. அம்மாவுக்கோ பொலிஸ் நிலையத்துக்குப் போவதென்றால் உள்ளூர ஒரு நடுக்கம். அக்கா அவரைக் கடிந்துகொண்டாள். எனக்கு அப்படிச் செய்ய மனம் வரவில்லை. எங்கள் ஊரில் அந்தத் தலைமுறைக்குப் பொலிஸ் பதிவு என்றால் என்ன என்பது இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. கொழும்பில் லொட்ஜில் ஓர் இரவு தங்கினாலும் பதிய வேண்டும், ஏன் வந்தாய், எப்போது போவாய் என்று சொல்ல வேண்டும். 2007 ஜூன் 7 அன்று கொழும்பு லொட்ஜுகளில் தங்கியிருந்த தமிழர்களை விடியற்காலையில் எழுப்பி பஸ்களில் ஏற்றி வவுனியாவுக்கும் மட்டக்களப்புக்கும் திருகோணமலைக்கும் அனுப்பினார்கள். மறுநாளே உயர் நீதிமன்றம் அதை நிறுத்தச் சொன்னது. வெளிநாடு போகவும் வைத்தியம் பார்க்கவும் வந்த சனங்கள் அவர்கள். அப்படியொரு காலத்தைக் கடந்த ஒருவரைப் பார்த்து, இது வெறும் கடதாசி வேலை, பயப்பட என்ன இருக்கிறது என்று கேட்பது நியாயமில்லை.

அழைப்பு வந்தது. அம்மா, அக்கா, நான் மூவரும் போனோம். உள்ளே எங்களுக்கு முன்பே ஒரு பெண் காத்திருந்தார். குவைத்தில் வீட்டு வேலை செய்துவிட்டுத் திரும்பியவர், மகனிடம் போக விண்ணப்பிக்கிறாராம். அவர் அங்கே இருந்த ஆண்டுகள் கடந்த பத்து ஆண்டுகளுக்குள் வருவதால் குவைத்திலிருந்தும் சான்று வேண்டும் என்று அப்போதுதான் யாரோ சொல்லியிருக்கிறார்கள். கிழக்கிலிருந்து மத்திய கிழக்குக்குப் போய் உழைத்த பெண்கள் எத்தனை பேர்! பிள்ளைகள் கனடாவில், அவுஸ்திரேலியாவில் இருந்து அழைக்கும்போது இந்தச் சான்றுதான் பெரிய சுவராக நிற்கும். அங்கே வேலை செய்த காலத்துக் கடவுச்சீட்டையும் விசாப் பக்கங்களையும் வீசிவிடாமல் வைத்திருங்கள் என்று வீட்டிலுள்ள அம்மாமாருக்குச் சொல்லி வையுங்கள்.

எங்களை விசாரித்தவர் ஒரு தமிழ்ப் பெண் பொலிஸ் உத்தியோகத்தர். "அம்மா, எங்கெங்கே இருந்தீர்கள்?" என்று கேட்டார். அம்மா கேள்வியை அப்படியே எடுத்துக்கொண்டார். 1978 நவம்பரில் சூறாவளி கூரையைப் பிடுங்கிக்கொண்டு போன ஓலை வீட்டிலிருந்து தொடங்கினார். 1990இல் வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வளாகத்தில் அகதியாகத் தங்கியதைச் சொன்னார். அந்த ஆண்டு செப்டம்பர் 5 அன்று அந்த வளாகத்திலிருந்து 158 பேரை இராணுவத்தினர் கொண்டுபோனார்கள், ஒருவரும் திரும்பவில்லை. அதைச் சொல்லும்போது அம்மாவின் குரல் இறங்கியது. பிறகு நாவலடி. 2004 டிசம்பர் 26க்குப் பிறகு அங்கே வீடு இல்லை. பள்ளிக்கூடம், தற்காலிகக் கொட்டில், அதன் பின் திராய்மடுவில் கட்டிக் கொடுத்த வீடு.

அந்த உத்தியோகத்தர் பேனையைக் கீழே வைத்துவிட்டு முழுதையும் கேட்டார். அவசரப்படுத்தவில்லை. கடைசியில், "அம்மா, எங்கள் வீட்டுக் கதையும் இதுதான். ஆனால் இந்தக் கடதாசிக்குக் கடைசி இரண்டு முகவரியும் காணும்" என்றார். அம்மா, "சரி மகள்" என்றார். பொலிஸ் உடுப்பிலிருந்த ஒருவரை அம்மா மகள் என்று அழைத்ததைக் கேட்டு அக்கா என் கையைப் பிடித்தாள்.

எல்லா இடத்திலும் இப்படி இருக்கவில்லை. அதன் பிறகு ஓர் அலுவலகத்திலிருந்து அம்மாவின் தொலைபேசிக்கு அழைப்பு வந்தது. பேசியவர் சிங்களத்தில் மட்டும் பேசினார். அம்மா பதறிப்போய் என்னிடம் தந்தார். அம்மாவின் மொழியில் பேசக்கூடிய ஒருவரிடம் தொலைபேசியைக் கொடுக்கும்படி பணிவாகக் கேட்டேன். சற்று நேரம் கழித்து இன்னொருவர் வந்து தமிழில் கேட்டார். கேட்டது வீட்டு இலக்கத்தை மட்டுந்தான்! அந்த முதல் ஆளில் எனக்குக் கோபமில்லை. தனக்குத் தெரிந்த மொழியில் வேலையைச் செய்தார். ஆனால் 1987இன் 13ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. அடுத்த ஆண்டு வந்த 16ஆவது திருத்தத்தின்படி வடக்கிலும் கிழக்கிலும் நிர்வாக மொழி தமிழ். அரசகரும மொழிகள் ஆணைக்குழு 1991ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்தது, அங்கே முறையிடலாம். இத்தனை ஆண்டுகள் கழிந்தும் மட்டக்களப்பில் ஒரு முதியவர் தன் வீட்டு இலக்கத்தைச் சொல்ல மகள் கனடாவிலிருந்து வந்து நிற்க வேண்டுமா? மகள் இல்லாத வீட்டில் அந்த அழைப்பு துண்டிக்கப்படும், கோப்பு அங்கேயே நிற்கும். இதைத்தான் மனம் ஏற்க மறுக்கிறது. உங்களுக்கும் இப்படி நடந்தால் தமிழில் பேசுபவரைக் கேளுங்கள். கேட்பது சலுகை அல்ல.

கிராம உத்தியோகத்தரிடமிருந்து வதிவிட, நடத்தைச் சான்றும் எடுத்து வைத்தோம். அதைப் பிரதேச செயலகத்தில் மேலொப்பம் வாங்கிக்கொண்டோம். விசாரணைக்கு வரும் உத்தியோகத்தர் கேட்டால் கையில் இருக்கட்டும் என்ற எண்ணம், அது உதவியது. கிராம உத்தியோகத்தர் களத்துக்குப் போகும் நாட்களில் அலுவலகத்தில் இருக்க மாட்டார். முதலில் தொலைபேசியில் கேட்டுவிட்டுப் போவது நல்லது. தமிழில் தரும் இந்தக் கடிதத்தைக் கனடாக் கோப்பில் சேர்ப்பதானால் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் ஆங்கிலமாக்க வேண்டும்.

இடைத்தரகர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். கொழும்பில் ஆள் இருக்கிறது, காசு தந்தால் உடனே எடுத்துத் தருவார் என்று உறவினர் ஒருவர் அம்மாவைப் பிடித்துவைத்துப் பேசினார். வேண்டாம் என்று நான் நேரடியாகவே சொல்லிவிட்டேன். உள்ளூர்ப் பொலிஸ் நிலையத்தின் அறிக்கை இல்லாமல் வரும் சான்று உண்மையான சான்றாக இருக்காது. போலிப் பத்திரம் கொடுத்தது கனடாக் குடிவரவுத் துறைக்குத் தெரிந்தால் 5 ஆண்டுகளுக்கு விண்ணப்பிக்கவே தடை வரும். வாழ்நாளில் ஒரு வழக்கும் இல்லாத அம்மாவுக்கு அப்படியொரு பெயரை வாங்கிக் கொடுக்கவா இத்தனை ஆண்டு காத்திருந்தோம்?

விண்ணப்பம் எந்த நிலையில் இருக்கிறது என்பதைக் கொடுக்கப்பட்ட இலக்கத்தை வைத்து இணையத்தில் பார்க்கலாம். அங்கே மாற்றமில்லாமல் கிடந்தால் சும்மா இருக்கக்கூடாது. அக்கா நேரே பொலிஸ் நிலையத்துக்குப் போய் அந்த இலக்கத்தைக் காட்டி, அறிக்கை அனுப்பிவிட்டார்களா என்று கேட்டு வந்தாள். இரண்டு பிரிவுகளில் ஒன்றின் அறிக்கை அதன் பிறகே நகர்ந்தது.

நான் ரொறன்ரோ திரும்பிய பிறகு சான்று அம்மாவின் கைக்கு வந்தது. ஆங்கிலத்தில் இருந்ததால் மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. அக்கா அனுப்பிய படத்தில் பெயரை எழுத்தெழுத்தாகக் கடவுச்சீட்டோடு ஒப்பிட்டுப் பார்த்தேன், சரியாக இருந்தது. மூலப் பிரதியை அக்கா பத்திரமாக வைத்திருக்கிறாள். வழங்கிய திகதியிலிருந்து 6 மாதக் கணக்கு ஓடத் தொடங்கிவிட்டதால் மீதிப் படிவங்களை இப்போது இரவு வேலை முடிந்து வந்து நிரப்பிக்கொண்டிருக்கிறேன்.