பெட்-சிடி ஸ்கேன்: தசையில் பரவிய சிறுநீர்ப்பைப் புற்றைப் பிடிக்குமா?

சிறுநீர்ப்பைப் புற்றுநோய் பரவினால் பெரும்பாலும் நிணநீர்க் கணு, நுரையீரல், கல்லீரல், எலும்புக்குத்தான் போகும். தசைக்குப் போவது அபூர்வம். அதனாலேயே இடுப்பிலோ தொடையிலோ வலி வந்தால் சுளுக்கு என்று விட்டுவிடுகிறார்கள். இந்த இடத்தில் பெட்-சிடி உண்மையிலேயே கைகொடுக்கிறது. சர்க்கரை போன்ற கதிரியக்க மருந்தை ஏற்றி, அதை அதிகம் உறிஞ்சும் இடங்களை ஒளிரக் காட்டுவது பெட்; உடலமைப்பைக் காட்டுவது சிடி; இரண்டும் சேர்ந்த ஸ்கேன் இது. கான்ட்ராஸ்ட் (படத்தில் வேறுபாட்டைக் கூட்டிக் காட்டும் மருந்து) இல்லாத சிடியில் கட்டியும் தசையும் ஒரே சாம்பல் நிறமாகக் கலந்துவிடும். பெட்டிலோ ஓய்ந்திருக்கும் தசை மங்கலாகவும் புற்று பளிச்சென்றும் தெரியும்.

தசை ஓய்ந்திருக்க வேண்டும் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. முந்தைய 24 மணி நேரம் கடுமையான உடற்பயிற்சி கூடாது. 4 முதல் 6 மணி நேரம் வெறும் வயிறு, தண்ணீர் மட்டும் குடிக்கலாம். ஸ்கேன் மருந்து ஏற்றுவதற்குச் சற்று முன் இன்சுலின் போட்டால் மருந்தெல்லாம் தசைக்குள் போய்ப் படமே கெட்டுவிடும். எனவே சர்க்கரை நோயாளிகள் இன்சுலின் நேரத்தை முன்கூட்டியே மருத்துவரிடம் பேசி வைப்பது அவசியம். மருந்து ஏறியபின் சுமார் 60 நிமிடம் அசையாமல் படுத்திருக்க வேண்டும்.

இந்த ஸ்கேனின் பெரிய குறை, எடுக்கும் எல்லை. வழக்கமான ஸ்கேன் மண்டையோட்டின் அடியில் தொடங்கி நடுத்தொடையோடு நின்றுவிடும். கெண்டைக்காலில் இருக்கும் கட்டி படத்திலேயே வராது. வலி அங்கே இருந்தால் 'உச்சி முதல் பாதம் வரை' என்று மருத்துவரிடம் சீட்டில் எழுதி வாங்குங்கள். இதைக் கேட்கத் தயங்கவே வேண்டாம்.

மருந்து சிறுநீரில் வெளியேறுவதால் சிறுநீர்ப்பையே ஒளிர்ந்து, உள்ளே இருக்கும் கட்டியை மறைத்துவிடும். நிறைய தண்ணீர் குடித்து, சிறுநீர் கழித்தபின் இடுப்பை மட்டும் மறுபடி எடுத்தால் ஓரளவு தெளியும். பிட்டத்தில் ஊசி, கையில் தடுப்பூசி போட்டிருந்தால் அந்த இடமும் ஒளிரும். இடத்தையும் தேதியையும் முன்பே சொல்லிவிடுங்கள்.

பெட் ஒளிர்வதை மட்டும் வைத்துப் புற்று என்று முடிவுகட்ட முடியாது. சீழ்க்கட்டியும் அப்படியே ஒளிரும். கான்ட்ராஸ்ட் சிடியில் ஓரம் வெளுத்து நடு கறுத்த கட்டி ஸோவாஸ் தசையில் (இடுப்பு முதுகெலும்பின் பக்கவாட்டிலிருந்து தொடை வரை செல்லும் தசை) இருந்தால், இரண்டையும் பிரித்தறிவது கடினம். பயாப்சிதான் (திசுத் துணுக்கை எடுத்துச் சோதிப்பது) தீர்ப்பு சொல்லும். நடுவில் ஊசி குத்தினால் செத்த செல்கள்தான் வரும், ஓரத்திலிருந்து கோர் பயாப்சி (தடித்த ஊசியால் திசுத் துண்டு) எடுக்க வேண்டும். பழைய சிறுநீர்ப்பைக் கட்டியின் பாரஃபின் பிளாக்கையும் (மெழுகில் பதித்துச் சேமித்த திசுத் துண்டு) ஒப்பிட்டுப் பார்க்க அதே பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பிவையுங்கள்.