ஜேஜு தீவும் எங்கள் இரண்டாம் கட்டும்

பேத்தி சென்னைக்குக் கிளம்பும்போது டிவியில் நெட்ஃபிளிக்ஸைப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனாள். 'வென் லைஃப் கிவ்ஸ் யூ டேஞ்சரின்ஸ்', 2025-இல் வந்த, ஜேஜு தீவில் நடக்கும் கொரியத் தொடர், 16 பகுதி. காரைக்குடி வெயிலில் பகல் தூக்கத்தை விட்டுவிட்டு நான்கே நாளில் முடித்தேன்.

கதையில் ஒரு காட்சி: வீட்டில் ஆண்களுக்கு ஒரு மேசை, பெண்களுக்குத் தனியாக ஒன்று. கணவனாக வரும் நடிகர் பார்க் போ-கம் பேசாமல் முதுகைத் திருப்பி, மனைவி பக்கம் உட்கார்ந்து சாப்பிடுகிறான். அங்கே நிறுத்திவிட்டேன். ஆண்கள் பந்தி முடிந்து, வீட்டின் உள்பகுதியான இரண்டாம் கட்டில் ஆறிய குழம்போடு நாங்கள் உட்கார்ந்த காலம் நினைவுக்கு வந்தது. எங்கள் வீட்டுச் செட்டியார் ஒருநாளும் திரும்பியதில்லை, பாவம்.

நடிகை ஐயு தாயாகவும் மகளாகவும் வருகிறாள். முகம் ஒன்று, பேச்சு வேறு. அந்தத் தாய்க்கு அம்மாவாக, மூச்சடக்கிக் கடலில் முழுகுபவளாக வரும் யோம் ஹே-ரான் கொஞ்ச நேரம்தான், ஆனால் மனதில் நிற்கிறாள். கதை முன்னும் பின்னும் தாவுவது குழப்பம். அழுகையும் கூடுதல்தான்.