புது வீட்டுக்கு ஏசி: ஒரு டன்னா, ஒன்றரை டன்னா?

மதுரையில் ஒத்தக்கடை, திருப்பாலைப் பக்கம் எழும்பும் வீடுகளில் படுக்கையறை பெரும்பாலும் பத்துக்குப் பன்னிரண்டு அடி. அளவைச் சொன்னதும் கடைக்காரர் "ஒரு டன் போதும்ணே" என்பார். மேலே இன்னொரு மாடி இருக்கிறது, சுவரில் நேர் வெயில் படாது என்றால் அவர் சொல்வது சரிதான். விலையும் குறைவு.

மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கும் அறைதான் வம்பு. பகல் முழுக்கக் காய்ந்த கான்கிரீட், சித்திரை வெயிலை ராத்திரி பத்து மணிக்கு மேலும் உள்ளே இறக்கிக்கொண்டே இருக்கும். மேற்குச் சுவரில் கை வைத்தால் தோசைக்கல்தான். ஒரு டன் என்பது மணிக்கு 12,000 பிடியூ (வெப்பத்தை அளக்கும் அலகு) வெப்பத்தை வெளியே தள்ளும் திறன். இந்த அறையில் அது விடிய விடிய ஓடியும் திணறும். இங்கே 18,000 பிடியூ தள்ளும் ஒன்றரை டன்தான் சரி.

அதற்காக எல்லா அறைக்கும் பெரிசு போடுவதும் வீண். சாதா ஏசி என்றால் சின்ன அறையை மளமளவென்று குளிரவைத்துவிட்டுக் கம்ப்ரசர் நின்றுவிடும். காற்றில் இருக்கும் ஈரம் சரியாக வடியாது, உடம்பு பிசுபிசுக்கும். இன்வெர்ட்டர் ஏசி வேகத்தைக் குறைத்துக்கொண்டு ஓடுவதால் இந்தத் தொல்லை குறைவு. ஒரு டன்னா, ஒன்றரையா என்று தடுமாறினால் நான் இன்வெர்ட்டரில் ஒன்றரையைத்தான் எடுப்பேன்.

கட்டட வேலை இன்னும் முடியவில்லையா? முதலில் மாடியில் வெள்ளை கூலிங் டைல்ஸ் பதியுங்கள், அப்புறம் ஏசி கடைக்குப் போகலாம். எதை வாங்கினாலும் வயரிங்கை ஒன்றரை டன்னுக்குத் தாங்குகிற மாதிரியே இழுக்கச் சொல்லிவிடுங்கள். பூசிய சுவரை உடைக்கிற செலவு தனி.